காம்பின்றி மலர் இல்லை: கெய்ரோவின் கூடாரத் தையலர்களும் நம் வீட்டுக் கைத்தொழில்களும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...



பூவேலை செய்த போர்வை ஒன்றைக் காண்போர் முதலில் பூவைப் பார்க்கின்றனர். பின்னர் இலையைப் பார்க்கின்றனர். இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் காம்பை எவரும் தனியே நோக்குவதில்லை. ஆயினும், துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைக்கும் கைவினைஞரைக் கேட்டால், வேலை காம்பிலிருந்தே தொடங்குகிறது என்பார். காம்பு கோணினால் மலர் எவ்வளவு அழகாயினும் போர்வை முழுவதும் கோணலாகத் தெரியும்.

இந்தக் கட்டுரையில், துணியால் காம்பும் கொடியும் மலரும் அமைக்கும் கலையை ஆயிரம் ஆண்டுகளாக ஏந்தி வந்த ஒரு முஸ்லிம் தொழிற்குழுவின் வரலாற்றைக் காண்போம். அவர்கள் கெய்ரோ நகரத்தின் கூடாரத் தையலர்கள். அவர்களுடைய கலைக்குக் ‘கய்யாமிய்யா’ என்று பெயர். அவர்களின் கதை எகிப்துக்கு மட்டும் உரியதன்று. கைத்தொழிலால் உண்டு வாழ்ந்த நம் ஊர்களுக்கும் அதில் பாடம் உண்டு.

கூடாரம் என்னும் அருட்கொடை

அரபியில் ‘கைமா’ என்றால் கூடாரம்; ‘கய்யாம்’ என்றால் கூடாரம் செய்பவர். கணிதமேதையும் கவிஞருமான உமர் கய்யாம் அவர்களின் பெயரில் நாம் அறிந்திருக்கும் சொல் இதுவே. அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம், 80ஆம் வசனத்தில், கால்நடைகளின் தோல்களிலிருந்து மனிதருக்கு இலகுவான வீடுகளை அமைத்துக் கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். பயணம் புறப்படும் நாளிலும் தங்கும் நாளிலும் சுமக்க எளிதானவை அவை என்னும் கருத்து அவ்வசனத்தில் வருகிறது.

இத்தகைய தோற்கூடாரம் ஒன்று எகிப்தில் கிடைத்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு, தெய்ருல் பஹ்ரி என்னுமிடத்தில் பழங்கால அரச உடல்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்த குகை வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 3000 ஆண்டுகள் பழமையான ஓர் ஈமக் கூடாரமும் உடன் கிடைத்தது. பல நிறத் தோல்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த வேலைப்பாடு அது. அந்தத் தோற்கூடாரத்திலிருந்து இன்றைய துணித் தையல் வரை அறுபடாத பரம்பரை ஒன்று இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நைல் ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்களுக்கு இந்த வேலை முறை மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

இம்முறையை இன்று உலகெங்கும் ‘அப்ளிக்’ என்கின்றனர். தமிழில் ஒட்டுவேலை எனலாம். நூலால் பூ வரைவது எம்பிராய்டரி. துணியைப் பூவாக வெட்டி மற்றொரு துணியில் பதித்துத் தைப்பது ஒட்டுவேலை. தஞ்சை வட்டாரத்தில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர்களுக்கு இந்த வேலைப்பாடு எளிதில் விளங்கும்.

ஃபாத்திமிய்யரும் மம்லூக்குகளும்

கெய்ரோ நகரம் 969ஆம் ஆண்டு ஃபாத்திமிய்யர்களால் நிறுவப்பட்டது. அவர்களுடைய அரண்மனைக் கருவூலங்களில் கூடாரங்களுக்கென்றே தனிக் களஞ்சியம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி (ரஹ்) அவர்கள், வஸீர் அல்யாஸூரிக்காகச் செய்யப்பட்ட ஒரு கூடாரத்தைப் பற்றி எழுதியுள்ளார். 150 கைவினைஞர்கள் ஒன்பது ஆண்டுகள் உழைத்தனர் என்றும், 30,000 தீனார் செலவாயிற்று என்றும் அவர் பதிவு செய்துள்ளார்.

இந்த எண்களைப் படிக்கும்போது நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வஸீரின் பெயர் நமக்குத் தெரிகிறது. செலவான தொகையும் தெரிகிறது. ஒன்பது ஆண்டுகள் ஊசி பிடித்த அந்த 150 பேரில் ஒருவருடைய பெயரையும் வரலாறு நமக்குச் சொல்லவில்லை.

அடுத்து வந்த மம்லூக்குகளின் காலத்தில், அமீர்கள் ஒவ்வொருவருக்கும் தனிச் சின்னம் இருந்தது. கிண்ணம், வாள், எழுதுகோற் பெட்டி என அவரவர் பதவியைக் காட்டும் அச்சின்னங்கள் பாத்திரங்களிலும் கட்டடங்களிலும் பொறிக்கப்பட்டன. துணியில் அவற்றை வெட்டி ஒட்டித் தைத்தனர். அத்தகைய துணித் துண்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

ஹஜ் பயணமும் கூடாரத் தெருவும்

பழைய கெய்ரோவின் தெற்கு வாயிலாகிய பாப் ஸுவைலா 1092இல் கட்டப்பட்டது. அவ்வாயிலைக் கடந்து வெளியே வந்தால், 1160இல் எழுந்த ஸாலிஹ் தலாயிஃ பள்ளிவாசல் எதிரே நிற்கும். அதை ஒட்டித் தெற்கே செல்லும் தெருவே ஷாரிஉல் கய்யாமிய்யா, அதாவது கூடாரத் தையலர் தெரு. மேலே மரக்கூரை வேய்ந்த அந்தக் கடைவீதியை 1650ஆம் ஆண்டையொட்டிக் கட்டியவர் ரிழ்வான் பே என்னும் அமீர். உஸ்மானிய ஆட்சியில் எகிப்தின் செல்வாக்கு மிக்க மனிதர்களுள் ஒருவரான அவர் 1656இல் காலமானார்.

ரிழ்வான் பே வகித்த பதவி கவனத்திற்குரியது. அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ‘அமீருல் ஹஜ்’ஜாக இருந்தார். கெய்ரோவிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் ஹஜ் பயணக் கூட்டத்தின் தலைமைப் பொறுப்பு அவருடையது. ஆயிரக்கணக்கான ஹாஜிகள், ஒட்டகங்கள், காவற்படை, தண்ணீர், உணவு என ஒரு நகரமே பாலைவனத்தில் நகர்ந்து சென்ற காலம் அது. அந்த நகரத்தின் சுவர்களும் கூரைகளும் துணியால் ஆனவை. அவற்றைத் தைத்தவர்கள் கெய்ரோவின் கூடாரத் தையலர்கள்.

இங்கே ஒரு தெளிவு தேவை. கஃபாவின் கிஸ்வாவும் நெடுங்காலம் எகிப்திலிருந்தே சென்றது. முஹம்மது அலி பாஷாவின் காலந்தொட்டு, கெய்ரோவின் குருன்ஃபிஷ் பகுதியில் அதற்கெனத் தனிக்கூடம் இயங்கியது. எகிப்தின் கடைசிக் கிஸ்வா 1962இல் அனுப்பப்பட்டது. ஆனால் கிஸ்வாவின் எழுத்துகள் வெள்ளி, பொன்முலாம் இழைகளால் ஆன எம்பிராய்டரி. கூடாரத் தையலர்களின் வேலை பருத்தித் துணியால் ஆன ஒட்டுவேலை. இவை இரண்டும் ஒரே நகரத்தில் வளர்ந்த இரு வேறு கலைகள். ஒன்று இறையில்லத்தை அழகு செய்தது; மற்றொன்று அந்த இல்லம் நோக்கிச் சென்ற பயணிக்கு நிழல் கொடுத்தது.

ஏன் கொடியும் மலரும்?

கய்யாமிய்யா வேலைப்பாட்டில் மூன்று வகை வடிவங்கள் மேலோங்கி நிற்கின்றன: கணித ஒழுங்குடைய நட்சத்திரக் கோலங்கள், அரபு எழுத்தணி, பிறகு கொடியும் மலரும்.

படைப்பினங்களின் உருவங்களை வரைவது பற்றிய மார்க்க வரம்பு இதற்கு ஒரு காரணம். உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். அது குறித்த நபிமொழியை எடுத்துரைத்த அவர்கள், அத்தொழிலை விட முடியாதெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஒரு வாயிலை மூடியபோதே அந்த மனிதரின் பிழைப்புக்கு மற்றொரு வாயிலைத் திறந்து வைத்த கருணை இதில் தெரிகிறது. அந்த வாயில் வழியே ஒரு பெரும் கலை மரபு நுழைந்தது.

அரசவைகள் இந்த வரம்பை எப்போதும் பேணின என்று சொல்வதற்கில்லை. மேலே சொன்ன அல்யாஸூரியின் கூடாரத்திலேயே விலங்குருவங்கள் இருந்ததாகக் குறிப்பு உண்டு. எனினும் பொதுவழக்கில் கொடியும் மலருமே நிலைத்தன. உஸ்மானியக் கூடாரங்களின் உட்சுவர்களில் தூண்களும் வளைவுகளும் வரிசையாக அமைந்து, அவற்றினிடையே பூச்சாடிகளிலிருந்து காம்புகள் எழுந்து மலர்ந்திருக்கும். 1683இல் நடந்த வியன்னா முற்றுகையை ஒட்டிய போர்களில் ஐரோப்பியர் கைப்பற்றிய கூடாரங்கள் பல. போலந்தின் கிராக்கோவ் நகர வாவெல் அரண்மனையில் உஸ்மானியக் கூடாரங்களை இன்றும் காணலாம். வெளியே போர்க்களமும் உள்ளே பூந்தோட்டமுமாக அவை இருந்தன.

காம்பு உருவாகும் விதம்

கெய்ரோத் தையலர் முதலில் தாளில் வடிவத்தை வரைகிறார். சமச்சீரான வடிவமாயின், தாளைப் பல மடிப்பாக மடித்து, எட்டில் ஒரு பகுதியை மட்டும் வரைந்தால் போதும். வரைந்த கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார். தாளை விரித்துத் துணியின்மேல் பரப்பி, துளைகளின் வழியே பொடியைத் தேய்ப்பார்: வெளிர்நிறத் துணிக்குக் கரித்தூள், அடர்நிறத் துணிக்கு வெள்ளைப் பொடி. கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல் துணியில் புள்ளிகள் பதியும். புள்ளிகளை இணைத்துக் கோடாக்குவார். துணியின் அடியில் தடித்த கித்தான் இருக்கும். அதனால் இது பஞ்சு வைத்த போர்வை அன்று. சுவரில் தொங்கும் திரை. இன்று மெத்தை விரிப்பாகவும் திண்டு உறையாகவும் கூடச் செய்கின்றனர்.

பின்னர் அவர் சம்மணமிட்டு அமர்ந்து தைக்கத் தொடங்குகிறார். மெல்லிய துணிப்பட்டையை எடுத்து, கோட்டின்மீது வைத்து, ஓரத்தை ஊசி முனையால் உள்ளே மடித்துக்கொண்டே தைத்துச் செல்வார். வளைவின் உட்புறத்தில் துணி இழுக்கும். அங்கே கத்தரியால் சிறிது நறுக்கிவிடுவார். வெளிப்புறத்தில் துணி கூடிச் சுருக்கம் விழும். அதைச் சிறு சிறு மடிப்பாக உள்ளே தள்ளுவார். தையல் வெளியே தெரியாத அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும்.

நம் வீட்டில் போர்வையொன்றில் பூவேலை செய்ய விரும்பும் சகோதரிகளுக்கும் இந்த நுட்பத்தில் பயனுண்டு. காம்புக்கான பட்டையைத் துணியின் நேர் இழையில் வெட்டினால் அது வளையாது, முரண்டு பிடிக்கும். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் குறுக்கு வெட்டில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டினால் பட்டை வேண்டியபடி வளைந்து கொடுக்கும். வளைவின் உட்புற ஓரத்தை முதலில் தைத்து, வெளிப்புறத்தைப் பின்னர் தைத்தால் சுருக்கம் விழாது. 1840களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பெண்கள் செய்த புகழ்பெற்ற மலர்ப் போர்வைகளிலும் காம்பும் கொடியும் நிறைந்திருக்கின்றன. ஊசி பிடிக்கும் கைகளுக்கு நாடுகளின் எல்லை தெரிவதில்லை.

முக்கியமான விதி ஒன்று உண்டு. காம்பைத் தைத்த பிறகே மலரைத் தைக்க வேண்டும். காம்பின் வெட்டுமுனை மலரின் அடியில் மறைய வேண்டும். மலரை முதலில் தைத்துவிட்டுக் காம்பைச் சேர்க்க முயன்றால், வெட்டுமுனை வெளியே தெரியும். நாளடைவில் அங்கிருந்தே நூல் பிரியும்.

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம் இந்த விதியில் வேறொரு பொருளையும் காண்கிறோம். அடிப்படை முந்த வேண்டும். அலங்காரம் பிந்த வேண்டும். எழுத்துகளின் உச்சரிப்பைச் சீராக்காமல் இனிய குரலை மட்டும் பழக்கினால், அந்த ஓதுதலும் காம்பில்லா மலராகவே நிற்கும்.

ஒட்டும் கண்ணியமும்

துணிமேல் துணி வைத்துத் தைப்பது ஆதியில் அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. கிழிசலை மறைக்கும் தேவையும் அதுவே. நம் முன்னோர் அதை இழிவாகக் கருதவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கலீஃபாவாக இருந்த காலத்தில் உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போட்ட ஆடையைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முவத்தாவில் உள்ளது. தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பதற்கு, நபி (ஸல்) அவர்கள் தாவூத் (அலை) அவர்களை முன்மாதிரியாகக் காட்டினார்கள்.

ஏழையின் ஆடையில் ஒட்டாக இருந்ததே அரசனின் கூடாரத்தில் மலராயிற்று. ஊசியும் ஒன்று, கையும் ஒன்று. மதிப்பை மாற்றியது யார் உடுத்தினார் என்பதன்று. எவ்வளவு செம்மையாகத் தைத்தார் என்பதே.

அச்சுத் துணி வந்த பின்

கெய்ரோவில் திருமணம், மரண வீடு, குர்ஆன் ஓதும் அவை, ரமழான் இரவு என எது நடந்தாலும் தெருவில் துணிப்பந்தல் எழும். அதற்கு ‘ஸுராதிக்’ என்று பெயர். ஒரு காலத்தில் அதன் திரைகள் கையால் தைத்தவையாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதே வடிவங்களை ஆலையில் அச்சிட்ட மலிவான துணி வந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பந்தல் வாடகைக்கு விடுபவர் அச்சுத் துணியை வாங்கினார். தையலரின் வழக்கமான வாடிக்கை அற்றது.

தையலர்கள் சுற்றுலாப் பயணிகளை நம்பத் தொடங்கினர். பழங்கால எகிப்திய உருவங்களையும் பறவைகளையும் தைத்துத் தருவதும் அவ்வழியே பெருகியது. 2011ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின் சுற்றுலாப் பயணிகளின் வரவு வீழ்ந்தபோது அந்த ஆதரவும் தளர்ந்தது. இதற்கிடையே ஆஸ்திரேலியத் தையற்கலைஞர் ஜென்னி பௌக்கர் அவர்கள் எடுத்த முயற்சியால், கெய்ரோத் தையலர்களின் படைப்புகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் போர்வைக் கண்காட்சிகளில் இடம்பெற்றன. இத்தெருவின் வாழ்வைப் பதிவு செய்த ஆவணப்படம் ஒன்றும் 2015இல் வெளிவந்தது. தொலைநாட்டார் வியந்து வாங்கினர். சொந்த நகரத்தின் பந்தலிலோ அச்சுத் துணி தொங்கியது.

இங்கே அச்சுத் துணியைப் பழிப்பதும் நீதியாகாது. வருமானம் குறைந்த குடும்பம் தன் மகளின் நிகாஹுக்குக் குறைந்த வாடகையில் பந்தல் போட முடிந்தது அதனால்தான். வசதியற்றவர் மலிவானதைத் தேர்ந்ததில் குற்றமில்லை. வசதி படைத்தவரும் அதையே தேர்ந்ததுதான் தொழிலை வீழ்த்தியது.

நம் ஊர்களின் நிலை

நம் பகுதிகளில் நிகாஹ் வீட்டிலும் மய்யித் வீட்டிலும் எழும் ஷாமியானாவும் இந்த ஸுராதிக்கின் உறவுதான். அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு பத்தமடை. திருநெல்வேலி மாவட்டத்தின் அவ்வூரில் முஸ்லிம் குடும்பங்கள் கோரைப்புல்லைப் பட்டுப்போல் மெல்லிய இழையாக்கிப் பாய் நெய்கின்றன. மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாய் அவ்வூரின் பெருமை. நுண்ணிய பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்களாகும். பிளாஸ்டிக் பாய் ஒரு மணி நேரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. கெய்ரோவின் கூடாரத் தெருவில் நடந்ததே இங்கும் நடந்து வருகிறது.

வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை, பூவேலை, பாசிமணி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரிகள் நம் தெருக்களில் பலர் உள்ளனர். அவர்களிடம் வேலை கொடுக்கும் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? ஆலையில் செய்த ஆடைக்குக் கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுச் சகோதரி பத்து இரவுகள் கண்விழித்துச் செய்த வேலைக்கு, தெரிந்தவர் என்ற உரிமையில் பாதியாகக் குறைக்கிறோம். மீதியைப் பெருநாளுக்குப் பின் தருகிறோம் என்கிறோம். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிவழி. அந்த வழிகாட்டுதலுக்கு அறிமுகமானவர், உறவினர் என்ற விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே நம்மால் இயன்ற மூன்று காரியங்களை இங்கே முன்வைக்கிறோம். முதலாவது, வசதி உள்ளவர்கள் தம் வீட்டுத் திருமணத்தில் ஒரு பொருளையேனும் கையால் செய்ததாக வாங்கட்டும். அது பாயாகவோ, விரிப்பாகவோ, திண்டு உறையாகவோ இருக்கலாம். இரண்டாவது, கைவேலைக்குக் கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுக்கட்டும். மூன்றாவது, வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்த பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அவரருகே அமர்த்தட்டும். மகளை மட்டுமன்று, மகனையும். கெய்ரோவின் கூடாரத் தெருவில் ஊசி பிடிப்பவர்கள் ஆண்களே என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அல்யாஸூரியின் கூடாரம் இன்று இல்லை. அதைத் தைத்த 150 பேரின் பெயர்களும் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் உள்ளே மடித்துத் தைத்த ஒவ்வோர் ஓரத்தையும், எவர் கண்ணுக்கும் படாத ஒவ்வொரு தையலையும் அல்லாஹ் அறிவான். நம் வீட்டு வாசலில் அமர்ந்து உழைக்கும் கைகளின் பெயரையேனும் நாம் அறிந்திருப்போம். அவர்களுக்குரிய உரிமையைக் குறைவின்றிக் கொடுப்போம்.

கையால் உழைத்து உண்போரின் வாழ்வில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களின் உழைப்பை மதிக்கும் உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.